கிட்டி போட்டாலும் வாய் திறக்காதவர்கள்

எங்கள் அம்மிச்சிக்கு ஒரு பேச்சு வழக்கு உண்டு. வீட்டில் யாராவது செய்த தப்பை ஒப்புக்கொள்ளாமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றால், "இவனுக்குக் கிட்டி போட்டாலும் வாயத் தொறக்க மாட்டான்" என்பார். அப்போது எனக்குத் தெரிந்த கிட்டி, கிட்டிப்புள் விளையாட்டில் வருகிற கிட்டிதான். அதைப் போட்டால் ஒருவன் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்று விளங்கியதில்லை. கேட்டதும் இல்லை.

பிறகு நான் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க்காக இருந்து, 2018-இல் ஓய்வு பெற்றேன். சர்வீஸ் முழுக்க ஒப்புதல் வாக்குமூலம், மகஜர், ரிமாண்ட் என்ற சொற்களுக்கு நடுவிலேயே குடித்தனம். ஆனால் அம்மிச்சியின் கிட்டி என்னவென்று தெரிந்தது ஓய்வுக்குப் பிறகுதான். 1855-இல் சென்னையில் வெளியான ஒரு அறிக்கையைப் பற்றிப் படித்தபோது அந்தச் சொல் அதில் இருந்தது. ஆங்கில அறிக்கையில் தமிழ்ச் சொல்லை அப்படியே போட்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. எங்கள் வீதியில் நாலு தறி வைத்து ஓட்டுகிறவர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஏனுங்க மாமா, பையனை நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்கு வரச் சொல்லிப் போன் வந்துச்சுங்க. சும்மா விசாரிச்சுட்டு அனுப்பீர்றோம்ங்கறாங்க. அனுப்பலாங்களா?" என்றார். பையனுக்கு வயது பத்தொன்பது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான். கூட வேலை செய்கிறவனின் பணமும் செல்போனும் காணாமல் போயிருக்கிறது.

"சும்மா விசாரிச்சுட்டு" என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கிட்டியின் கதை.

1855 அறிக்கை

1850-களில் நம் பொங்கலூர் எல்லாம் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லா. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. 1816-ஆம் ஆண்டின் ரெகுலேஷன்களின்படி, கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட். தாலுகாவில் நிலவரி வசூலிக்கிற தாசில்தாரே அங்கே போலீஸுக்கும் தலைவர். இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வரி பாக்கி என்று உங்களைப் பிடித்து வருகிறவர் தாசில்தாரின் சேவகர். பிடித்து வந்தவர் அடித்தார் என்று நீங்கள் புகார் கொடுக்கப் போக வேண்டியதும் அதே தாசில்தாரிடம். மேலே போனால் கலெக்டர். அவருக்கும் வரி வந்து சேர வேண்டும்.

1852-இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினார். அவர் ஏற்கெனவே 'கிரசன்ட்' என்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். குடியானவர்கள் படும் பாட்டை லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனுவாக எழுதி அனுப்பியது இந்தச் சங்கம். டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853-இல் இங்கே வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றிய விவாதம் வந்தபோது, இங்கே சித்திரவதை செய்து வரி வாங்குகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. மறுத்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் விசாரிக்க ஒரு கமிஷன் போடப்பட்டது.

எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர் அதில் இருந்தார்கள். நார்ட்டன் பாரிஸ்டர், பின்னாளில் சென்னையின் அட்வகேட் ஜெனரல் ஆனவர். கமிஷன் உட்கார்ந்தது சென்னைப் பட்டணத்தில். அன்றைக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து முதல் ரயில் ஓடியதே 1856-இல்தான். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போக வேண்டும். போய்ப் புகார் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அதே தாசில்தாருக்குக் கீழேதான் வாழவும் வேண்டும். அப்படியிருந்தும் 519 பேர் நேரில் போய் நின்றார்கள். 1,440 பேர் எழுத்து மூலம் புகார் அனுப்பினார்கள். ஆக 1,959 புகார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்த காலத்தில் இது சின்ன எண்ணிக்கை இல்லை.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளியானது. அதில்தான் கிட்டி வருகிறது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். எலுமிச்சம்பழம் பிழியும் கருவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விரலையோ, கையையோ, தொடையையோ, காதையோ வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றாலோ துணியாலோ பிணைத்து வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவது. கண்ணில் மிளகாய்த்தூள் இடுவது உண்டு. தொப்புளின் மேல் பூச்சியை விட்டுக் கொட்டாங்குச்சியால் மூடிக் கட்டுவதும் உண்டு.

பெரும்பாலான புகார்கள் வரி வசூல் பற்றியவை. மீதி, திருட்டு வழக்குகளில் ஒப்புக்கொள்ள வைப்பதற்காகச் செய்தவை. இரண்டுக்கும் ஆட்கள் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். ஒன்றில் பணம் வர வேண்டும், மற்றதில் வார்த்தை வர வேண்டும்.

கமிஷன் சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் வைத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்கு உடந்தை இல்லை என்று எழுதியது. மேலே இருந்து இத்தனை வரி வேண்டும் என்று நெருக்குகிறவருக்கு, அது எப்படி வசூலாகிறது என்பது தெரியாமலா இருக்கும்? இதே கேள்வியைக் கார்ல் மார்க்ஸும் எழுப்பினார். 1857 செப்டம்பரில் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' பத்திரிகையில் இந்தச் சென்னை விவகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். வடக்கே சிப்பாய்கள் செய்த கொடுமைகளைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. நம்மூர்க் குடியானவனின் நசுங்கிய விரலைப் பற்றி அமெரிக்காவில் படித்திருக்கிறார்கள்.

அறிக்கையிலிருந்து சட்டத்துக்கு

இத்தனை அறிக்கைகள் வருகின்றன, அலமாரியில் தூங்குகின்றன. இது முழுக்கத் தூங்கிவிடவில்லை. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனியாக்கியது. இன்றைய தமிழ்நாடு காவல்துறையின் பிறப்பு அதுதான். 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. அதை எழுதியவர்களுக்குச் சென்னை அறிக்கை தெரியும். 148, 149, 150 என்று மூன்று பிரிவுகளை அதில் வைத்தார்கள். 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியபோது, அவையே 25, 26, 27 என்று இடம் மாறின.

இந்த மூன்றையும் என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும்.

25: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது.

26: போலீஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதித்துறை நடுவர் முன்னிலையில் சொன்னால் ஒழிய அது செல்லாது.

27: ஆனால் அப்படிச் சொன்னதன் பேரில் ஒரு பொருளோ விஷயமோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. அதில் இந்த மூன்றும் 23-ஆம் பிரிவுக்குள் ஒன்றாக இருக்கின்றன. எண்தான் மாறியது, விதி மாறவில்லை.

பத்திரிகைகளில் "போலீசில் பரபரப்பு வாக்குமூலம்" என்று தலைப்புப் போடுகிறார்களே, அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. நம் மக்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது தெரியாது. டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு "அவனே ஒத்துக்கிட்டானப்பா" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த விதி ஏன் வந்தது என்றால், அடி வாங்கியவன் சொல்வது உண்மையா, அடிக்குப் பயந்து சொன்னதா என்று உட்கார்ந்த இடத்தில் யாராலும் பிரித்தறிய முடியாது என்பதால்தான். 1,959 பேர் கொடுத்த விலை அது.

27-ஆம் பிரிவு இந்தச் சுவரில் உள்ள ஒரு கதவு. அதன் அகலம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்ததும் நம் சென்னை மாகாணத்து வழக்கு ஒன்றுதான். குண்டூர்ப் பக்கத்து ஊர்க் கலவரத்தில் நடந்த கொலை. புலுகூரி கோட்டயா வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்வார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஒருவன், "ஈட்டியால் குத்தினேன், அதை இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறான்; ஈட்டி அங்கே கிடைக்கிறது. அப்போது ஒளித்த இடம் அவனுக்குத் தெரியும் என்ற அளவுக்குத்தான் அந்தப் பேச்சு சாட்சியம். குத்தினேன் என்றது சாட்சியம் இல்லை. இவ்வளவு நுணுக்கமான கோடு அது.

நடைமுறையில் என்ன ஆகிறது? மகஜர் எழுதும் எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பொருள் முதலில் கிடைத்து வாக்குமூலம் பிறகு எழுதப்பட்டதா, வாக்குமூலம் வந்து பொருள் கிடைத்ததா என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்துத்தான் ஆதாரம். நல்ல வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் அந்த இரண்டு சாட்சிகளையே பிடித்துக்கொள்வார்கள். "எத்தனை மணிக்கு ஐயா போனீங்க? கதவு எந்தப் பக்கம் இருந்துது? பேப்பர்ல என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சுப் பாத்தீங்களா?" மூன்றாவது கேள்வியில் பல சாட்சிகள் விழுந்துவிடுவார்கள். அப்போது அரசுத் தரப்பு எரிச்சல்படும். ஆனால் குற்றவாளியைத் தப்பிக்க வைப்பது மட்டுமே எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை என்று நினைப்பது தவறு. வழக்கை எழுதிய விதம் சரியா என்று பார்க்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

பேசாமல் இருக்கும் உரிமை

வாக்குமூலம் செல்லாது என்பது ஒன்று. வாயே திறக்காமல் இருக்கலாமா என்பது வேறு. 1950-இல் வந்த அரசியலமைப்பின் 20(3), குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 22-ஆவது பிரிவு, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது.

இவையெல்லாம் நீதிமன்றத்துக்குள் வந்த பிறகுதானா, ஸ்டேஷனிலேயே உண்டா? அமெரிக்காவில் 1966-இல் மிராண்டா வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விசாரணைக்கு முன்பே "நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்" என்று போலீஸ் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு. ஆங்கில சினிமாவில் கைவிலங்கு மாட்டும்போது கடகடவென்று ஒப்பிப்பார்களே, அது இங்கிருந்து வந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த மிராண்டா தப்பித்துவிடவில்லை. வாக்குமூலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி விசாரித்தார்கள். வேறு சாட்சியங்களை வைத்தே தண்டனை கிடைத்தது.

நமக்கு அந்த இடத்தில் நிற்பது 1978 ஏப்ரலில் வந்த நந்தினி சத்பதி வழக்கு. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். சொத்துக் குவிப்பு விசாரணைக்காகக் கட்டாக் விஜிலென்ஸ் போலீஸ் அவரை வரவழைத்து, எழுதி வைத்த கேள்விகளை வரிசையாக நீட்டியது. அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததே குற்றம் என்று தனி வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காடு வைத்தியநாதபுரத்துக்காரர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு வக்கீலாக உதவினார் என்று 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பின்னால் கேரளத்தில் அமைச்சராகவும் இருந்தார். கம்பிக்கு உள்ளேயும் வெளியேயும் மேலேயும் இருந்து பார்த்த மனிதர்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: 20(3) தரும் பாதுகாப்பு போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது. தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மற்றக் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். அடித்தால் மட்டும் கட்டாயம் இல்லை. மிரட்டுவதும் ஓயாமல் கேட்டுச் சோர்வடைய வைப்பதும் கட்டாயம்தான். விசாரிக்கப்படுகிறவர் வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினால் மறுக்கக் கூடாது. பெண்ணான அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்ததே சட்டத்துக்கு விரோதம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கின் தீர்ப்பு வந்தது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு நடத்தியவர் 1986-இல் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பதினொரு கட்டளைகள். கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதி — முழு நேரமும் அல்ல, அவ்வப்போது. பின்னால் இவற்றில் பல சட்டத்திலேயே ஏறிவிட்டன.

எழுத்தும் நடப்பும்

எழுத்தில் இவ்வளவு இருந்தும் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1993-இல் முதனை ராஜாக்கண்ணு. திருட்டு நகை விசாரணை என்று கொண்டு போனார்கள். தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டு வழக்காடினார். 'ஜெய்பீம்' படம் வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்தார்கள் என்று தொடங்கியது. தகப்பனும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். 2025 ஜூனில் மடப்புரத்துக் கோயில் காவலாளி. அங்கேயும் காணாமல் போன நகைதான்.

சாத்தான்குளம் செய்தியில் என்னைத் தூங்க விடாமல் செய்தது ஸ்டேஷனில் நடந்தது மட்டும் இல்லை. அடிபட்ட நிலையில் அவர்கள் ரிமாண்டுக்கு வந்தார்கள், ரிமாண்டும் ஆனது. அந்த மேஜைக்குப் பக்கத்தில் பல வருஷம் நின்றவன் நான். ஆளைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். "போலீஸார் மேல் ஏதாவது புகார் இருக்கா?" என்று கேட்கப்படும். அவன் பின்னால் நிற்கிற இரண்டு போலீஸாரையும் ஒரு தரம் பார்ப்பான். "இல்லைங்க" என்பான். "புகார் ஏதும் இல்லை" என்று எழுதிக்கொள்வோம். எத்தனை நூறு முறை அந்த வரியை எழுதியிருப்பேன்! அவன் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த நாட்களும் உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒப்புதல் வாக்குமூலம் பதிய வந்தால் சில மாஜிஸ்திரேட்டுகள் போலீஸார் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும். சொல்லாவிட்டாலும் உன்னைப் போலீஸிடம் திருப்பி அனுப்ப மாட்டேன்" என்று நிதானமாகச் சொல்லி, யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுப்பார்கள். மறுநாள் வந்து "நான் ஒண்ணுமே பண்ணலீங்க சாமி" என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அண்ணன்

இப்போது என் கதை. 1984. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரியப்பா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்தரி பிடித்தால் துணி வீணாகாது என்று பேர் வாங்கியவர். கம்பெனியில் நூல் மூட்டைகள் கணக்கில் குறைந்தன. "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பீர்றோம்" என்று அண்ணனையும் இன்னொருவரையும் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். மூன்று நாள் வைத்திருந்தார்கள். கைது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

பெரியம்மா என்னிடம்தான் ஓடி வந்தார். "கோர்ட்ல வேல செய்யறயே கண்ணு, நீ போய் ஒரு வார்த்த கேட்டா விட்ருவாங்கல்லோ?" என்றார். எனக்கு 24 மணி நேர விதி தெரியும். 25-ஆம் பிரிவு தெரியும். எழுதிக் கொடுத்தால் மாஜிஸ்திரேட் கேட்பார் என்பதும் தெரியும். ஆனால் நான் போகவில்லை. வேலை நிரந்தரம் ஆகாத நேரம், நமக்கெதுக்கு வம்பு என்று பயந்தேன். "நாளைக்கு விட்ருவாங்க பெரிம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அண்ணன் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டார். எங்கே விற்றாய் என்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை, எடுத்திருந்தால்தானே சொல்வதற்கு. அதற்குள் மூட்டைகள் கிடைத்துவிட்டன. லாரிக்காரர் இடம் மாறி ஒரு சாயப்பட்டறையில் இறக்கியிருந்தார். வழக்கே இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் அவருக்குக் கடைசி வரை சரியாக மடங்கவில்லை. கத்தரி பிடிக்க முடியவில்லை. ஊருக்கே வந்து மாடு இரண்டு வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைத்தார். என்னை ஒரு நாளும் அவர் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது.

1855 அறிக்கையில் கிட்டியில் விரலை வைத்து நெரித்தார்கள் என்று படித்தபோது எனக்கு அவர் கைதான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை

ஆகவே தறிக்காரரிடம் சொன்னேன்: "பையனைத் தனியா அனுப்பாதீங்க மாப்ள. நானும் வர்றேன்."

அன்று இரவே 15100-க்கு அடித்தோம். அது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். அவர்கள் வழிகாட்டியபடி ஒரு இளம் பெண் வக்கீல் கிடைத்தார். காலையில் நாலு பேரும் போனோம். ஸ்டேஷனில் யாரும் கோபப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் அம்மா கேட்டது மூன்றே கேள்விகள். இவன் சாட்சியா, சந்தேகத்துக்கு உரியவனா? எழுத்தில் நோட்டீஸ் உண்டா? விசாரிக்கும்போது நான் கண்ணில் படும் தூரத்தில் இருக்கலாமா?

ஏனென்றால், சட்டத்தில் "சும்மா விசாரணை" என்று தனியாக ஒன்று இல்லை. சாட்சி என்றால் எழுத்து மூலம் சம்மன் கொடுக்க வேண்டும். சந்தேகம் என்றால், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பெரும்பாலும் கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே வழி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைது என்றால் குறிப்பு, காரணம், உறவினருக்குத் தகவல், 24 மணி நேரம் எல்லாம் வந்துவிடும். இந்த மூன்றில் எதிலும் சேராமல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பதில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும், 60 தாண்டியவர்களையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சே வேண்டாம்.

ஸ்டேஷனில் மூலைக்கு மூலை கேமரா இருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, ஒலியோடு பதிவாக வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததா என்று நான் கிழவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். பையன் தெரிந்ததைச் சொன்னான். நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எடுத்திருந்தால் சாட்சியம் வைத்து நிரூபிக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். பையன் டம்ளரைப் பிடித்திருந்த கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் நன்றாக மடங்கியிருந்தன. "ஏனுங்க தாத்தா, அப்படிப் பாக்கறீங்க?" என்றான். ஒன்றுமில்லை சாமி என்றேன்.